கயர் படிந்த வெள்ளைச் சீலை

அது ஒரு சனிக்கிழமை. கிணற்றடியில் தோய்த்து, கஞ்சி போட்டு, பின்வளவுக் கொடிக்கயிற்றில் என் வெள்ளைச் சீலையை விரித்துவிட்டு, நான் குசினிக்குள் மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். வெளியே நல்ல வெயில். திடீரென்று கூரையில் சடசடவென்று மழை விழுந்தது.

கையிலிருந்ததைப் போட்டுவிட்டு நான் வாசலுக்கு வருவதற்குள் அண்ணை வந்துவிட்டார். நீர்வேலியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வாழைத்தோட்டம். அடுத்த நாள் சந்தைக்காக அங்கே இதரை வாழைக்குலை வெட்டிக்கொண்டு நின்றவர், கத்தியை எறிந்துவிட்டு ஓடிவந்து, சீலை முழுவதையும் இரண்டு கையாலும் வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விறாந்தைக்குப் பாய்ந்தார். அவர் தலையிலிருந்து தண்ணீர் வடிந்தது. சீலையில் மழை படவில்லை.

"ஒரு துளி படேல்லை, பார் தங்கச்சி," என்றார்.

"நல்ல காலம் அண்ணை, நீங்கள் நிண்டது. இல்லாட்டித் திரும்ப முதலிலையிருந்து தோய்க்க வேண்டி வந்திருக்கும்."

அவருக்கு முகமெல்லாம் சந்தோசம். சீலையை விறாந்தையில் கிடந்த நீள மரவாங்கின்மேல் வைத்துவிட்டு மழைக்குள்ளேயே தோட்டத்துக்குத் திரும்பிப் போனார். அன்று சொன்ன அந்த நன்றிக்குப் பிறகு மூன்று மாதத்துக்கு மேலாக நான் அவருக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் கிழமை இதை எழுதுகிறேன்.

உரும்பிராயிலிருந்து வந்த கேள்வி

இந்தத் தொடரில் முன்பு இரண்டாம் உலக யுத்தகாலத்துக் கூப்பன் கடை வரிசைகளைப் பற்றி எழுதியபோது, ஒரு சீலையை எட்டு வருடம் உடுத்தேன் என்று ஒரு வரி போகிறபோக்கில் சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரியை உரும்பிராய் வாசகி ஒருவர் பிடித்துக்கொண்டார். "எங்கள் வீட்டில் ஆறு மாதத்தில் சாயம் போகிறது, ஒரு வருடத்தில் கிழிகிறது. நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

அந்தப் பிள்ளைக்குத் தபால் அட்டையில் பதில் எழுதியிருக்கலாம். ஆனால் பதில் அட்டைக்குள் அடங்காது. அதற்குள் என் அண்ணை வருவார், குருநகரில் ஒரு தாயார் வருவார், என்னுடைய வாய்க்கொழுப்பும் வரும்.

முதலில் தோய்க்கிற கதை. நான் ஆசிரியையாகப் போகத் தொடங்கிக் கொஞ்சக் காலத்தில் துணிக்குக் கூப்பன் வந்துவிட்டது. எங்கள் பாடசாலையில் பெண் ஆசிரியைகள் வெள்ளைச் சீலைதான் உடுக்க வேண்டும் என்பது பெரிய வாத்தியாரின் சட்டம். தலைமையாசிரியரை ஊரில் அப்படித்தான் சொல்வோம். என்னிடம் இரண்டு வெள்ளைச் சீலைகள் இருந்தன. வலிகாமத்துச் செம்மண்ணில் வெள்ளை உடுத்து நடப்பது என்ன பாடு என்று அந்த மண்ணில் நடந்தவர்களுக்குத்தான் தெரியும். மாரி காலத்தில் முழங்கால்வரை சிவப்பு ஏறிவிடும்.

செம்மண் பட்ட சீலையை ஈரத்தோடு தேய்த்தால் மண் நூலுக்குள் போய் இருந்துவிடும். ஆகவே முதலில் காயவிட்டு உதறுவேன். பிறகு வெறும் தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீர் சிவந்ததும் மாற்றி, மூன்றாம் தண்ணீரில்தான் சவுக்காரம். அதையும் சீலையில் தேய்ப்பதில்லை, வாளியில் கரைத்துவிட்டு அதற்குள் சீலையை அமுக்கி எடுப்பேன். முறுக்கிப் பிழிவதே இல்லை. கயிற்றில் போட்டால் தண்ணீர் தானாக வடியும், எனக்கென்ன அவசரம்?

கரையில்லாத வெள்ளைச் சீலைக்கு மேல் கீழ் கிடையாது. அதனால் வாரத்துக்கு வாரம் மாற்றி, ஒரு கிழமை ஒரு விளிம்பு நிலத்தைப் பார்க்கும், மறு கிழமை மற்ற விளிம்பு. எந்தக் கிழமை எது என்று மறந்துபோகாமல் ஒரு மூலையில் சிவப்பு நூலால் சின்ன முடிச்சுப் போட்டிருந்தேன். ஒரே மடிப்பில் எப்போதும் மடித்தால் மடிப்பிலேயே நூல் விடும் என்று, மடிக்கும்போதும் இடம் மாற்றி மாற்றி மடிப்பேன். சின்னக் கிழிசல் வந்தால் அந்தச் சீலையின் தலைப்பிலிருந்தே நூல் உருவி இழையோட்டுவேன். கடை நூல் எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

கஞ்சியில்தான் ஒரு சங்கடம். அரிசிக்குக் கூப்பன் வந்தபிறகு, சோற்றுக் கஞ்சியைச் சீலைக்கு ஊற்றுவதா வயிற்றுக்கு ஊற்றுவதா என்று அம்மா கேட்கத் தொடங்கினார். கேட்டதில் நியாயம் இருந்தது. நான் மரவள்ளிக் கிழங்கைத் துருவிப் பிழிந்த பாலுக்கு மாறினேன். அதன் மொடமொடப்பில் நான் வகுப்புக்குள் நடந்தால் கடதாசி சரசரக்கிற மாதிரிச் சத்தம் கேட்கும் என்று பிள்ளைகள் சிரிப்பார்கள்.

சின்னையாவின் கோட்டு

உடுப்பைப் பேணுவதில் நான் பெரிய கெட்டிக்காரி என்று அப்போது எனக்கு ஒரு நினைப்பு. உண்மையான கெட்டிக்காரர் இணுவிலில் இருந்த என் சின்னையா. அவரிடம் ஒரு கறுப்புக் கோட்டு இருந்தது. அவர் கல்யாணத்துக்குத் தைத்தது. நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் அந்தக் கோட்டு இணுவிலில் நடந்த பாதிக் கல்யாணங்களுக்குப் போய்வந்தது. மாப்பிள்ளைமார் மாறுவார்கள், கோட்டு மாறாது.

இரவல் கொடுக்கும்போது சின்னையா ஒரு நிபந்தனை போடுவார். தாலி கட்டியதும் கோட்டைக் கழற்றிவிட வேண்டும், அதைப் போட்டுக்கொண்டு பந்தியில் இருக்கக்கூடாது. நிபந்தனையை மீறுகிறார்களா என்று பார்க்க அவரே ஒவ்வொரு கல்யாணத்துக்கும் போவார். அழைப்பு இல்லாவிட்டாலும் போவார். கோட்டு வந்ததென்றால் அவரும் வந்தார் என்றே எடுத்துக்கொள்வார்கள். அவர் மனைவி சின்னாச்சி சொல்வார், "என்னை உப்பிடி ஒரு நாள் பார்த்திருந்தால் நானும் இன்னும் புதுசா இருந்திருப்பன்," என்று.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. உடுப்பில் இவ்வளவு கண் வைத்தால் ஆட்களைப் பார்க்கக் கண் மிஞ்சாது. சின்னையாவைப் பார்த்துச் சிரித்த நான் அவரைவிட மோசமாக நடந்தேன்.

பத்து விரல்

வாழையை வெட்டினால் வடிகிற பாலைத்தான் நாங்கள் கயர் என்போம். வடியும்போது தண்ணீர் மாதிரி இருக்கும், கண்ணுக்கே தெரியாது. துணியில் பட்டுக் காய்ந்தால் மண்ணிறமாகும். அதன்மேல் சவுக்காரம் பட்டால் கறுத்து நிலைத்துவிடும். வாழைக்குள் வேலை செய்கிறவர்கள் அதற்கென்று தனி வேட்டி வைத்திருப்பார்கள். அண்ணையின் தோட்ட வேட்டி ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்தது என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

நீர்வேலியில் பிறந்த எனக்கு இது தெரியாததா? குலை வெட்டிய கையோடு வந்தவரின் கையை நான் பார்த்திருக்க வேண்டும். சீலையைத்தான் பார்த்தேன். அதிலும் ஒன்றும் தெரியவில்லை. இரவு முழுக்க வாங்கில் கிடந்ததில் ஈரம் மணத்தது. ஞாயிற்றுக்கிழமை அதைச் சவுக்காரம் போட்டு இன்னொரு முறை தோய்த்தேன்.

திங்கட்கிழமை காலை கயிற்றிலிருந்து எடுத்து விரித்தபோது, என் சீலையில் அண்ணையின் இரண்டு கையும் இருந்தன. பத்து விரலும், உள்ளங்கையும், நெஞ்சோடு அணைத்த இடத்தில் பெரிய திட்டுமாக.

இதில் என் வேலையே தங்கியிருந்தது. பாடசாலையில் என் முதல் வருடம் முடிகிற நேரம் அது. இரண்டு கிழமையில், பாடசாலைகளைப் பரிசோதிக்கிற வித்தியாதரிசி வந்து என் படிப்பிப்பைப் பார்த்து எழுதினால்தான் நியமனம் உறுதியாகும். அன்றைக்கு எல்லாரும் பளிச்சென்ற வெள்ளையில் நிற்க வேண்டும் என்று பெரிய வாத்தியார் ஏற்கெனவே சொல்லிவிட்டார். மற்றச் சீலை இழையோட்டி இழையோட்டி, சீலையைவிட இழைதான் கூட என்ற நிலைக்கு வந்திருந்தது. புதிது வாங்கக் கூப்பன் இல்லை.

அப்பாவை நாங்கள் ஐயா என்போம். ஐயாவுக்கு நான் வேலைக்குப் போவது தொடக்கத்திலிருந்தே பிடிக்கவில்லை. "ஒரு வரியம் பாப்பம். உறுதியாகாட்டி வீட்டிலை இரு, மாப்பிள்ளை பாக்கிறன்," என்றிருந்தார். அந்த ஒரு வருடத்தையும் ஐயாவிடம் வாதாடி வாங்கித் தந்தவர் அண்ணை. கயர் பட்ட அந்தச் சீலையும் அவர் தன்னுடைய கூப்பனைத் தந்து வாங்கியதுதான். அந்த வருடம் அவருக்குப் புது வேட்டி இல்லை.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் தோட்டத்துக்குள் போய் நின்று கத்தினேன். கடைசியில் சொன்னது இது: "உங்கடை கையாலை என்ரை சாமான் ஒண்டையும் இனித் தொடவேண்டாம்."

அண்ணை தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு வெட்டிய குலையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

தொடாத கை

சொன்ன சொல்லைக் கேட்கிறவர் அண்ணை. நான் சொன்னதையும் அப்படியே கேட்டார்.

தினமும் காலையில் பஸ் வருகிற பெரிய றோட்டுவரை எனக்குத் துணையாக வருவார். முன்பெல்லாம் என் புத்தகப் பையை வாங்கிச் சுமந்து வருவார். அந்தத் திங்களுக்குப் பிறகும் துணைக்கு வருவதை நிறுத்தவில்லை. வெறும் கையோடு இரண்டடி முன்னால் நடப்பார். நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கமாட்டார். "வைச்சிட்டுப் போ, எடுக்கிறன்," என்பார். குரலில் கோபமே இருக்காது. கோபம் இருந்திருந்தால் சண்டை பிடித்தாவது முடித்திருக்கலாம்.

அம்மா இரண்டு பக்கமும் மாறி மாறிக் கதைத்துப் பார்த்தார். "அவன்தான் மடையன் எண்டால் நீயுமோ?" என்று என்னைக் கேட்டார். எனக்கு ஒரே வீம்பு. சீலை என்னவாகப் போகிறது என்பதுதான் என் கவலை. தேசிக்காய்ப் புளி தேய்த்துப் பார்த்தேன். எங்கள் வீட்டு உடுப்பு எடுத்து வெளுக்கிற கட்டாடியாரிடம் காட்டினேன். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சவுக்காரம் போட முன்னம் தந்திருந்தால் ஏதும் செய்திருக்கலாம் பிள்ளை. இப்ப வெள்ளாவியிலை வைச்சாலும் சீலைதான் போகும், கயர் போகாது," என்று திருப்பித் தந்தார்.

எங்கள் பாடசாலையில் என்னோடு படிப்பித்தவர் பிலோமினா. குருநகரிலிருந்து பஸ்ஸில் வருவார். நான் இடைவேளையில் கண்ணைத் துடைப்பதைப் பார்த்து என்னவென்று கேட்டார். சொன்னேன். முதலில் நன்றாகச் சிரித்தார்.

"சிரிக்காதை. எனக்கு வேலை போகப்போகுது."

"போகாது. எங்கடை அம்மா வலைக்குச் சாயம் போடுறவ. சனிக்கிழமை சீலையைக் கொண்டு வா," என்றார்.

குருநகரில் ஒரு பானை

தனியாக அனுப்ப ஐயா சம்மதிக்கவில்லை. துணைக்கு அண்ணை வந்தார். சீலைப் பொட்டலத்தை நான் சுமந்தேன்.

பிலோமினாவின் வீடு கடற்கரைக்குக் கிட்ட. வேலியெல்லாம் வலை காய்ந்தது. அவருடைய தாயார் மெலிந்த, நீண்ட கைகள் உள்ள மனுசி. சீலையை விரித்துப் பார்த்தார். விரல் அடையாளங்களின்மேல் தன் விரல்களை வைத்துப் பார்த்தார்.

"இதை எடுக்கேலாது பிள்ளை," என்றார். "சீலை முழுக்க இந்த நிறமாக்குவம். பேந்து ஆர் கண்டுபிடிக்கிறது?"

அவ்வளவு எளிதான யோசனை எனக்கு வரவில்லை. கறையைப் போக்குவதையே நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு அது எப்படி வரும்?

பருத்தி வலை கடல் தண்ணீரில் கிடந்தால் கெதியில் உக்கிவிடும். அதனால் கடலோரச் சேற்றில் நிற்கிற கண்டல் மரப் பட்டையை இடித்து ஊறவைத்து, காய்ச்சி, அந்தச் சாற்றில் வலையைத் தோய்த்தெடுப்பார்கள். நூலுக்கு நிறமும் ஏறும், உரமும் ஏறும். அன்று முற்றத்தில் மூன்று கல்லின்மேல் ஒரு மண்பானையில் அந்தச் சாறு கொதித்தது. பக்கத்தில் வலைக்குச் சாயம் போடுகிற பெரிய கிடாரம் கவிழ்த்துக் கிடந்தது.

சீலையைப் பச்சைத் தண்ணீரில் நனைத்து, சாயத்தில் இறக்கி, தடியால் பிரட்டினார். தூக்குகிற நேரம் வந்தபோது இரண்டு பக்கமும் ஆள் வேண்டியிருந்தது. சாயம் குடித்த சீலை அவ்வளவு பாரம். கடற்கரைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்ற அண்ணையை அவர் கூப்பிட்டார்.

"தம்பி, ஒருக்கா வந்து உந்தத் தலைப்பைப் பிடியுங்கோ."

அண்ணை அசையவில்லை. "வேண்டாம் அம்மா. என்ரை கை கயர்," என்றார்.

"என்ரை கை மட்டும் பால்வெள்ளையோ?" என்று தாயார் தன் கைகளை நீட்டிக் காட்டினார். முழங்கைவரை பட்டை நிறம். நகங்கள் கறுத்துப்போயிருந்தன.

அண்ணை என்னைப் பார்த்தார். நான் "பிடியுங்கோ அண்ணை" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். நான் பானைக்குள் பார்த்துக்கொண்டு நின்றேன். பிலோமினா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, தானே வந்து மற்றத் தலைப்பைப் பிடித்தார். அந்த நிமிடத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

காற்றில் காயவிட்டு, திரும்பத் தோய்த்து, திரும்பக் காயவிட்டு, மூன்று முறை. நடுவில் தாயார் எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தார். சைவ வீட்டில் வளர்ந்த நான், மீன் சமைக்கிற குசினியிலிருந்து வந்ததென்று நினைத்து, இப்போதுதான் குடித்தேன் என்று பொய் சொன்னேன். அண்ணை தன்னுடையதைக் குடித்துவிட்டு, எனக்கென்று கொண்டுவந்ததையும் தாயாரிடம் கேட்டு வாங்கிக் குடித்தார். கோப்பை நிறைந்தபடி திரும்பிப் போகவில்லை.

கடைசியில் கடல் தண்ணீரில் ஒரு முறை அலசி விரித்தபோது, சீலை காய்ந்த பாக்கு நிறத்தில் இருந்தது. கிட்ட வைத்துப் பார்த்தால் விரல்கள் கொஞ்சம் கூடுதல் கறுப்பாகத் தெரியும். தெரிந்தவர்கள் பார்த்தால்தான்.

கொஞ்ச நாள் கழித்துப் பிலோமினா ஒரு விசயம் சொன்னார். அந்த மண்பானை புதுப்பானையாம். முதல் நாள் தாயார் சந்தைக்குப் போய் வாங்கி வந்தாராம். "சைவப் பிள்ளை, கோயிலுக்கும் உடுத்துக்கொண்டு போகும். வலைக் கிடாரத்திலை போட்டால் மீன் மணக்கும்," என்றாராம். எனக்கு அதை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த வீட்டுத் தேத்தண்ணியைத்தான் நான் வேண்டாம் என்றேன்.

பிறகு அந்த வீட்டில் நான் எத்தனையோ முறை தேத்தண்ணி குடித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ருசித்துத்தான் குடித்தேன். பட்டைச் சாயம் ஏறிய அந்தச் சீலை யுத்தம் முடிந்தும் கிழியவில்லை. என் மூத்த மகளுக்கு ஏணை கட்டியதும் அதில்தான். உரும்பிராய்ப் பிள்ளை கேட்ட எட்டு வருடத்தில் பாதி என் கெட்டித்தனம் என்றால், மற்றப் பாதி அந்த அம்மாவுடையது. அவர் உயிரோடு இருக்கும்போது நேரில் சொல்லாத நன்றியை இங்கே சொல்லிவைக்கிறேன்.

வித்தியாதரிசி பார்த்தது

வித்தியாதரிசி வருகிற நாளில் எல்லா ஆசிரியைகளும் வெள்ளையில் நிற்க, நான் பாக்கு நிறத்தில் போனேன். பெரிய வாத்தியார் வாசலிலேயே மறித்தார்.

"உது என்ன கோலம், ரீச்சர்?"

"வெள்ளைச் சீலையில்லை ஐயா. கயர் பட்டிட்டுது. சாயம் போட்டனான்."

"இண்டைக்குப் பார்த்தோ?" என்றார். அனுப்பிவிடலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. அதற்குள் வித்தியாதரிசி வந்துவிட்டார்.

என் வகுப்பில் கதிரையில் இருந்து அரை மணித்தியாலம் பார்த்தார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வாசிக்கச் சொன்னார். சிலேட்டுகளை வாங்கிக் கணக்குப் பார்த்தார். பின் வரிசையில் இருந்த ஒரு பிள்ளையிடம் ஏழாம் வாய்ப்பாடு கேட்டார். அது சொன்னது. என் சீலையின் பக்கம் அவர் கண் ஒரு முறைகூடப் போனதாகத் தெரியவில்லை. நான் எந்த நிறத்தில் நின்றேன் என்று அன்று மாலை அவரைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கமாட்டார்.

நான்தான் அவர் உடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருடைய கோட்டுக் கொலர் நைந்ததை உள்பக்கம் திருப்பித் தைத்திருந்தார்கள். தையல் நல்ல வேலை. அதைப் பார்த்த பிறகு எனக்கு வெள்ளையைப் பற்றிய பயம் போய், வேறொரு பயம் வந்தது. யாருமே பார்க்காத ஒரு சீலைக்காகவா அண்ணையை அப்படிச் சொன்னேன்?

பின்னேரம் பெரிய றோட்டில் பஸ்ஸால் இறங்கினேன். அண்ணை பூவரசு மரத்துக்குக் கீழே நின்றார்.

"எப்பிடி?" என்று கேட்டார்.

"பறவாயில்லை."

அதற்குமேல் எனக்கு வாய் வரவில்லை. கத்துவதற்கு மட்டும் அன்று எவ்வளவு இலேசாக வந்தது. அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால் நடந்தேன்.

தபால்காரர்

அதன்பிறகு மூன்று மாதம் போய்விட்டது. பாடசாலை விடுமுறை. காலையில் வேலிப் படலையடியில் அண்ணையின் குரல் கேட்டது.

"தங்கச்சி, உனக்குக் கடிதம்."

நான் முற்றத்துக்கு வந்தேன். தபால்காரர் சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நீலநிற உறையை நீட்டிக்கொண்டிருந்தார். அண்ணை வாங்காமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"நீர் வாங்கினால் என்ன குறைஞ்சிடும், ஐசே? எனக்கு இன்னும் எத்தினை வீடு கிடக்குது," என்று தபால்காரர் புறுபுறுத்தார்.

"அவவின்ரை சாமான். அவ வருவா," என்றார் அண்ணை.

தபால்காரர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் ஓடிப்போய் வாங்கினேன். கல்விக் கந்தோர்க் கடிதம். நின்ற இடத்திலேயே கிழித்தேன். என் நியமனம் உறுதியாகிவிட்டது.

அண்ணை மூன்று அடி தள்ளி நின்றார். "என்னவாம்?" என்று கேட்டார்.

நான் கடிதத்தை அவரிடம் நீட்டினேன். அவர் கைகள் பின்னாலேயே இருந்தன.

"நீ வாசி. நான் கேக்கிறன்."

"அண்ணை, நான் அண்டைக்குச் சொன்னது பிழை."

"ஆர் இல்லையெண்டது?" என்றார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "பிடியுங்கோ," என்றேன்.

"இப்பத்தான் குலை வெட்டினனான். கயர் பிரளும்."

"பிரளட்டும்."

அவர் கைகளை வேட்டியில் இரண்டு முறை துடைத்தார். அதில் துடைத்து என்ன பயன், அந்த வேட்டியே கயர். பிறகு கடிதத்தை இரண்டு மூலையிலும் மெல்லப் பிடித்தார். அது இங்கிலீசில் இருந்தது. அவர் பிடித்துக்கொண்டு நிற்க, நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். ஒரு வரி விளங்காமல் இரண்டு தரம் கேட்டார். முழுவதும் கேட்டு முடித்தபிறகு, "இதை ஐயாட்டைக் கொண்டுபோய்க் காட்டட்டோ?" என்றார்.

"கொண்டுபோங்கோ."

கடிதத்தை எடுத்துக்கொண்டு அவர் தோட்டப் பக்கம் போனார். நான் படலைக்குப் பக்கத்தில் கிடந்த கல்லில் இருந்துவிட்டேன்.

சத்தம் கேட்டு அம்மா குசினியிலிருந்து வந்தார். "கடிதம் வந்ததோ? எங்கை?" என்று கேட்டார்.

"அண்ணை வாங்கிக்கொண்டு போயிட்டார்."

அம்மா வேலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"உன்ரை கையாலை வாங்கினவனோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். அம்மா சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் நிலத்தில் இருந்தார்.